மூளையைப் படமெடுக்கப் பேர் கொடுத்த மகள்

1

இந்த வருஷம் ஆடித்தபசுக்கு ஊருக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் ரத வீதியில் நின்றபடி வீடியோவில் கூப்பிட்டான். "ஏலே சங்கரு, கூட்டத்தைப் பாத்தியா? கால் வைக்க இடமில்ல" என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக் காட்டினான். நான் பஸ் டிப்போவில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் ஊர் ஆசை வரவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். போன வருஷம் அதே கூட்டத்துக்குள் நின்றுதான் அந்தப் போனை எடுத்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில்காரன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். அது லண்டன் இல்லை என்று ஊரில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். மனைவி வள்ளி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்கு ஒரே மகள், கோமதி. நம்ம ஊரில் தெருவுக்கு நாலு கோமதி இருப்பார்கள், இங்கே அவள் பள்ளிக்கூடத்துக்கே அவள் ஒருத்திதான். அந்தப் பெயரும் வாசலோடு சரி. உள்ளே போனால் அவள் 'கோமி'. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழில் அவள் சொல்லும் ஒன்றிரண்டு வாக்கியத்தை நானும் வள்ளியும் விருந்தாளியைப் போலக் கவனிப்போம்.

2

போன வருஷம் அவளுக்குப் பதிமூன்று வயது. பல்கலைக்கழகத்திலிருந்து ஹெலன் என்று ஒரு பெண் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசியிருக்கிறாள். பிள்ளைகள் வளரும்போது மூளை எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதற்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் வேண்டும். எம்ஆர்ஐ மெஷினில் படுக்க வேண்டும், சில விளையாட்டுகள் விளையாட வேண்டும், அடுத்த வருஷம் மறுபடி வர வேண்டும்.

கோமதி வீட்டுக்கு வந்து, பை தோளிலிருந்து இறங்கும் முன்னே, "நான் பேர் கொடுத்துட்டேன்" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். அதற்குக் காரணம் உண்டு. நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் தெருவில் லட்சுமணன் அண்ணாச்சி என்று ஒருவர், தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல திடமான ஆள். தலைவலி என்றார். தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு தெருவில் யாராவது 'தலைக்கு ஸ்கேன்' என்றால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவருக்கு இருந்த நோயைத்தான் மெஷின் காட்டியது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அவரைக் கொன்றது மெஷின்தான் என்று உள்ளே ஒரு மூலையில் ஒருவன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு நீ போயி படுக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லாதவங்கதான் வேணுமாம்." பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். தொடர்ந்து பேசியதன் சாரம் இது: இதுவரை வந்த பிள்ளைகளில் நம்மைப் போன்றவர்கள் அநேகமாக இல்லையாம். நாளைக்கு டாக்டர்கள் 'நல்ல மூளை இப்படித்தான் இருக்கும்' என்று சொல்லும்போது அதில் நம் பிள்ளைகளின் மூளையும் இருக்க வேண்டாமா?

வள்ளியைப் பார்த்தேன். "அதுல கதிர்வீச்செல்லாம் கிடையாது, காந்தந்தான். போகட்டும்" என்றாள்.

போனோம். எனக்கு ஒரு படிவம், கோமதிக்கு ஒரு படிவம். உடம்பில் ஊசி, கம்பி, வெடித்த துகள் ஏதாவது உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. ஊரில் ஆசாரி முறுக்கிவிட்ட கோமதியின் கம்மல் திருகாணியைக் கழற்ற வள்ளிக்கு ஒரு யுகம் ஆனது. ஹெலன் என்னிடம் பேசியதைவிட கோமதியிடம்தான் அதிகம் பேசினாள். "எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம்" என்றாள். பெரிய மெஷினுக்கு முன்னால் பழகிக்கொள்வதற்கு ஒரு பொம்மை மெஷின் வைத்திருந்தார்கள். காந்தம் இல்லாத வெறும் குழாய், ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் வரும். அதில் படுத்து, அசையாமல் இருக்கப் பழக்கினார்கள்.

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி: எதிர்பாராத ஏதாவது கண்ணில் பட்டால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? 'ஆம்' என்று டிக் அடித்தேன். போன் கம்பெனிக்காரன் விளம்பரம் அனுப்பலாமா என்று கேட்டால் யோசிக்காமல் டிக் அடிப்பேனே, அதே கையால்.

முடிந்ததும் அவள் மூளையின் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டது. நாங்கள் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பினோம்.

3

தபசு அன்று சாயங்காலம். அம்மன் சப்பரத்தில் நிற்கிறாள். விளைச்சலில் அம்மனுக்கு ஒரு பங்கு என்று சம்சாரிகள் வீசும் பருத்தியும் வத்தலும் தலைக்கு மேலே பறக்கின்றன. கோமதி என் போனை வாங்கி எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். என் பெயர் கொண்ட சாமிக்கும் உன் பெயர் கொண்ட அம்மனுக்கும் நடக்கிற திருவிழா இது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். போன் அவள் கையிலேயே அடித்தது. இங்கிலாந்து நம்பர். வாங்கிக் காதில் வைத்தேன்.

ஹெலன். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். பாதி வார்த்தைகளைக் கூட்டம் தின்றது. பயப்பட வேண்டாம் என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கோமதியிடமிருந்து இரண்டடி தள்ளிப் போனேன். படங்களைப் பார்த்த நிபுணர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். நாங்கள் மருத்துவர்கள் இல்லை, இது நோய் பார்க்க எடுத்த படமும் இல்லை, ஆகவே அது என்ன என்று எங்களால் சொல்ல முடியாது. முறையான படம் ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. விவரம் மெயிலில் வரும் என்றாள். அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டு மாடிக்கு வள்ளியைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. "எந்தப் பக்கம்?" என்றாள். "எவ்வளவு பெருசு?" என்றாள். அளவை நான் கேட்டுக்கொள்ளவில்லை. "இடது பக்கம். ஆனா டெம்பரரின்னு சொன்னாங்க. அப்படின்னா தானாப் போயிரும்தான?" என்றேன்.

வள்ளி என் முகத்தையே பார்த்தாள். "டெம்பரரி இல்லங்க. டெம்போரல். காதுக்கு மேல இருக்கிற பகுதிக்குப் பேரு அது."

பதினைந்து வருஷமாக ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் பார்த்த பெண், கொடியில் காய்ந்த ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பதைவிடப் பயமான காட்சியை நான் பார்த்ததில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தின் போட்டோ என் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கறுப்பாகவே தெரிந்தது. எது இருக்க வேண்டிய கறுப்பு, எது இருக்கக் கூடாத கறுப்பு? இத்தனை நாளாக இதைப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தோமே என்று நினைத்தேன். "அந்தக் கோணத்துல அது தெரியாது, வச்சிருங்க" என்றாள் வள்ளி.

4

இங்கிலாந்தில் எங்கள் குடும்ப டாக்டர் கிளினிக்குக்குப் போன் போட்டேன். எத்தனையோ பேர் எனக்கு முன்னால் வரிசையில் இருப்பதாக மெஷின் சொன்னது. பிறகு இசை. அண்ணன் வீட்டு முற்றத்தில் சாம்பார் கொதிக்கிற வாசனையில் நின்றுகொண்டு சர்வதேசக் கட்டணத்தில் வயலின் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். பிள்ளை நாட்டில் இல்லாதபோது எதுவும் பதிய முடியாதாம். திரும்பி வந்து டாக்டரைப் பாருங்கள், அவர் ஆஸ்பத்திரிக்கு எழுதுவார், அவசரம் என்று குறிப்பிடப்படாததால் சில வாரங்கள் ஆகலாம். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதையில் பிடித்துத் தொங்குவதற்கு ஒரு விளிம்புகூட இல்லை.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும் அவன் முதலில் ஆடிப்போனான். பிறகு, "எதுக்குலே வாரக்கணக்கா காத்துக் கிடக்கணும்? திருநெல்வேலில நாளைக்கே எடுத்துருவான். நான் வண்டி சொல்லுதேன்" என்றான். அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடுத்த நிமிஷம் அவனே குரலை இறக்கினான்.

"ஆனா ஒண்ணு. வெளிய மூச்சு விடாத. பொம்பளப் பிள்ளை. தலைக்குள்ள ஏதோ இருக்குன்னு ஒருத்தன் வாய்ல விழுந்தாப் போதும், நாளைக்கு ஒரு இடம் பேச முடியாது."

"அவளுக்குப் பதிமூணு வயசுண்ணே."

"பதிமூணு இருபத்திமூணு ஆக எத்தனை நாளாகும்? பிள்ளைகிட்டயும் சொல்லாத. பயந்துக்கிடும்."

அதில் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வள்ளியும் சரி என்றாள். படம் கலங்கிவிட்டதாம், இன்னொரு படம் கேட்கிறார்கள் என்று கோமதியிடம் சொன்னோம். "ஓகே" என்றாள். வேறு கேள்வி இல்லை. நிம்மதியாக இருந்தது. பதிமூன்று வயதுப் பெண், எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று குடைகிறவள், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மதினிக்கு அண்ணன் சொல்லிவிட்டான் என்பது அவள் நடந்துகொண்டதில் தெரிந்தது. காலையிலேயே கோவிலுக்குக் கூட்டிப்போய், புற்றுமண்ணைக் குழைத்துக் கோமதியின் நெற்றி முழுக்கப் பூசி, கையில் ஒரு செம்புத் தாயத்தைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கூட்டி வந்தாள். மற்ற நாளாக இருந்தால் கோமதி முகத்தைச் சுளிப்பாள். அன்று பேசாமல் கையை நீட்டியிருக்கிறாள்.

5

அண்ணன் எங்களைத் திருநெல்வேலி ஸ்கேன் சென்டரில் இறக்கிவிட்டு, டாக்டரிடம் டோக்கன் வாங்க முன்னால் போய்விட்டான். நல்ல கூட்டம். எங்கள் பெயருக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளை. ஏழு வயது இருக்கும். கடையநல்லூர்க்காரர்கள். பிள்ளை பெயர் நஸ்ரின். அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருக்கிறது என்று அவள் தாயார் வள்ளியிடம் சொன்னாள். "இவ வாப்பா ரியாத்துல இருக்காக. நான் ஒத்தையா நிக்கேன்" என்று போனைக் காட்டினாள். போனில் ஒரு மனிதர் கட்டட வேலைத் தொப்பியோடு, சத்தமில்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வணக்கம் சொன்னேன். அவரும் தலையை அசைத்தார். அந்தச் சின்னத் திரைக்குள் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

நஸ்ரின் இரண்டு முறை உள்ளே போய், இரண்டு முறையும் அலறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். டெக்னீசியன் பொறுமையான மனிதர்தான். "மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்மா. அதுக்கு டாக்டர் மத்தியானம் வருவாங்க. காத்திருங்க" என்றார். "அடுத்து கோமதி."

தாயத்தைக் கழற்ற வேண்டும் என்றார்கள். முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் வாங்கிக் கயிற்றை வெட்டினேன். கத்தரி இரண்டு முறை நழுவியது. கோமதி அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போகாமல் நேராக நஸ்ரின் பக்கம் போய்க் கீழே குந்தினாள்.

"உள்ள பெரிய சத்தம் வரும்" என்றாள். தமிழில். நிறுத்தி நிறுத்தி, வார்த்தைகளைத் தேடித் தேடி. "டக் டக் டக். அப்புறம் ஊஊ. ஆனா... கடிக்காது."

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"நான் முன்னாடி போயிருக்கேன். சிலை மாதிரி படுக்கணும். நம்ம மணல் மூட்டைன்னு நினைச்சுக்கணும். கை மணல். கால் மணல். மூக்கு அரிக்கும். அரிச்சா ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் கஷ்டம்."

"உனக்கு எதுக்கு எடுக்காக?" என்று கேட்டது பிள்ளை. "உனக்கும் வலிப்பா?"

"இல்ல. எனக்குத் தலைக்குள்ள ஒண்ணு இருக்கு. இங்க." இடது காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள். "என்னன்னு தெரியல. பாக்கத்தான் வந்திருக்கோம்."

வள்ளி என் கையைப் பிடித்தாள். நகம் உள்ளே இறங்கியது.

கோமதி எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நஸ்ரினைத் தரையில் படுக்கச் சொன்னாள். வாயாலேயே மெஷின் சத்தம் போட்டாள். பிள்ளை சிரித்து அசைந்தது. "அவுட்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மூன்றாவது முறை அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மணல் மூட்டையாகவே கிடந்தது. டெக்னீசியன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இன்னொரு தடவ பாத்துருவோம். அந்தப் பிள்ளையே முதல்ல வரட்டும்" என்றார்.

நஸ்ரின் உள்ளே போனாள். இந்த முறை அலறல் கேட்கவில்லை. சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அவள் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

நான் கோமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்பம் தெரியும் உனக்கு?"

"மெயில் வந்தப்போ போன் என்கிட்டதான இருந்துச்சு." பிறகு இங்கிலீஷில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அது என்னவாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டாளாம். மோசமானவற்றையும்.

"ஏன் தாயி எங்ககிட்டக் கேக்கல?"

"நீங்க ரெண்டு பேரும் பயந்துட்டிருந்தீங்க" என்றாள். "நானும் கேட்டா இன்னும் பயப்படுவீங்க."

நாங்கள் அவளிடம் மறைத்தோம், அவள் எங்களிடம் மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில் வரிசையாகப் படுத்து, மூன்று பேரும் தூங்குவது போல நடித்திருக்கிறோம். அந்தச் சமயத்தில் எனக்கு வந்த பயம் அந்த இடது பக்கத்தில் இருக்கும் பொருளைப் பற்றியது இல்லை. இவள் இனி தனக்கு எது நடந்தாலும் எங்களைக் காப்பாற்றுவதற்காகத் தனியாகவே சுமப்பாளோ என்ற பயம்.

"கோமதி" என்று கூப்பிட்டார்கள். போனாள்.

6

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டரைப் பார்க்க வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். இடையில் ஆட்டோவில் நான் அதைப் பிரித்துவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. கடைசி வரியில் மூளையின் மற்ற பகுதிகள் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தது. ஸ்கூலில் என் வாத்தியார் என்னைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் அப்பா பெல்ட்டை எடுத்திருப்பார். "வள்ளி, மத்த பகுதியும் சரியில்லையாம், சொல்லிக்கிறாப்ல இல்லன்னு போட்டிருக்கான்" என்றேன்.

அவள் வாங்கிப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது, ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "குறை சொல்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நல்லாருக்குன்னு அர்த்தங்க" என்றாள்.

டாக்டர் வயதானவர். படத்தை வெளிச்சத்தில் வைத்து, என்னிடம் பேசாமல் கோமதியிடமே காட்டினார். "இது ஒரு தண்ணிப் பை. நீ பிறக்கும்போதே உன்கூட வந்திருக்கு. மூளையை அழுத்தல, ஒண்ணும் பண்ணல. நீ அந்த ஆராய்ச்சிக்குப் போகாம இருந்திருந்தா இது இருக்கிறதே உனக்குத் தெரியாமப் போயிருக்கும். தலையில பலமா அடிபடாமப் பாத்துக்கோ. ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை பாக்கட்டும். போ, நல்லாப் படி."

வெளியே காத்திருந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் மூக்கைச் சிந்தினான். மதினிக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லட்டி, வெறும் தண்ணி" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். வெளியே மூச்சு விடாதே என்று சொன்னவன்தான்.

நஸ்ரினின் படத்தில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஸ்கேன் சென்டர் பக்கம் திரும்பியபோது அவர்கள் போய்விட்டார்கள். கேட்டு வாங்கிக்கொள்ள நம்பரும் இல்லை. இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நல்ல சேதி கிடைத்தவனுக்கு, கிடைக்காதவர்களின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. ரியாத்தில் அந்த மனிதர் அன்று எந்தக் கட்டடத்துச் சாரத்தில் நின்றுகொண்டு என்ன சேதி கேட்டிருப்பார் என்று பஸ் ஓட்டும்போது சில சமயம் நினைத்துக்கொள்கிறேன்.

7

போன வாரம் ஹெலன் மறுபடியும் கூப்பிட்டாள். இரண்டாவது முறை வரும் வருஷம் இது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்து, பை அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சியில் தொடர்வது கோமதியின் விருப்பம், வேண்டாம் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றாள் ஹெலன்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று மனசுக்குள் எதிர்பார்த்தேன். தெரியாமல் இருந்திருந்தால் அந்த நாட்களில் நாங்கள் மூவரும் செத்துச் செத்துப் பிழைத்திருக்க வேண்டாமே. ஆனால் அவள் போகிறேன் என்றாள். "என்னையும் படம் எடுத்தா இந்தப் பையும் கணக்குல வரும்ல. இது இருந்தும் நல்லா இருக்கிறவங்க உண்டுன்னு தெரியணும்ல" என்றாள். முழுக்கத் தமிழில் சொன்னாள். போன வருஷத்துக்குப் பிறகு முக்கியமானதை எல்லாம் அவள் தமிழில்தான் சொல்கிறாள். ஏன் என்று கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று நான் கேட்பதில்லை.

நேற்றுப் போனோம். கையெழுத்துப் போடும்போது அவள் ஹெலனைப் பார்த்து, "இந்தத் தடவை ஏதாவது தெரிந்தால் அப்பாவுக்கு மட்டும் போன் பண்ண வேண்டாம். நானும் கூட இருக்கும்போது சொல்லுங்கள்" என்றாள். ஹெலன் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையசைத்தேன். அவள் குறித்துக்கொண்டாள்.

உள்ளே போகும் முன் கோமதி கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அப்பா, பயமா இருக்கா?"

இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமா தாயி. பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்" என்றாள். கதவு மூடியது.